ஒரு பேப்பர் பாக்கி

கொரோனா காலத்தில் எங்கள் கடை வாசலில் வெள்ளை பெயிண்டால் ஐந்து வட்டங்கள் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வட்டத்தில் நிற்க வேண்டும். கொரோனா போனது, முகக்கவசம் போனது, வட்டங்களும் பாதி அழிந்துபோயின. ஜனங்கள் பழையபடி மேசைமேல் விழுந்து, ஒருத்தர் தோளுக்கு மேல் ஒருத்தர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மட்டும், மங்கலாகத் தெரியும் முதல் வட்டத்தைத் தேடிப்பிடித்து, அதற்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நிற்பார். ஈ காக்கை இல்லாத மத்தியான வேளையிலும் அப்படித்தான். நான் நிமிர்ந்து பார்த்து “வாங்கண்ணா” என்றால்தான் உள்ளே வருவார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். “அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிபோச்சுண்ணா. இன்னும் இன்னாத்துக்கு அதுக்குள்ள நிக்கிறீங்க?”

“அழிக்கச் சொல்லி யாரும் சொல்லலியே மேடம்” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்த இ-சேவைக் கடை அது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாம் நான்தான் போட்டுக்கொடுப்பேன். நான் பொதட்டூர்பேட்டைக்காரி. பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடி வந்தவள். கம்பெனிப் பெண்கள் மூன்று பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தேன். அவர்களுக்கெல்லாம் ஷிப்ட். நான் அறைக்குப் போகும்போது அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள்; அவர்கள் திரும்பும்போது நான் கிளம்பியிருப்பேன். நாலு பேர் அறை என்றுதான் பேர், தின்றதும் தூங்கியதும் தனியாகத்தான். கடை முதலாளிக்கு நான் “ஏ பொண்ணு.” வருகிறவர்களுக்கு “இந்தாம்மா.” முதல்முறை இவர் “மேடம்” என்று கூப்பிட்டபோது, என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், உலைப் பக்கம் வேலை. முன்கை இரண்டிலும் தீப்பொறி பட்ட புள்ளிகள் மிளகு தூவினாற்போல் கிடக்கும். அப்பா கிடையாது. அம்மா பெரியபாளையம் பக்கத்து ஊரில். அவர் இங்கே லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தார். உடன் வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் “ரூலு.” எதைச் சொன்னாலும் “ரூல் இன்னா?” என்று கேட்பதால் வந்த பெயர். ஹெல்மெட் விஷயம் ஒன்று போதும். காம்பவுண்டுக்குள் ஹெல்மெட் போட வேண்டும் என்று ஆலையில் விதி. கேட் கோடு எதுவோ அந்தக் கோட்டில் நின்று போடுவார், வெளியே வரும்போது அதே கோட்டில் நின்று கழற்றுவார். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். “யோவ் ரூலு, நகுருய்யா, பஸ்ஸு பூடும்” என்று கத்துவார்கள். சிரித்துக்கொண்டே நிதானமாகக் கழற்றுவாராம்.

பொழைக்கத் தெரியாத ஆள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார் அவர். உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து படித்து, எல்லாப் பேப்பரையும் முடித்து, ஒன்றே ஒன்று பாக்கி. அரசியலமைப்பு. அது அவருக்குத் தெரியாத பாடம் இல்லை, தலைகீழாகச் சொல்வார். அந்தப் பரீட்சை நாளன்று அவருக்கு மாற்று ஆள் வேலைக்கு வரவில்லை. மாற்று ஆள் வராமல் உலையை விட்டு நகரக் கூடாது என்பது விதி. “சூப்பர்வைசர் போய்யா நான் பாத்துக்குறேன்னாரு மேடம். ஆனா ரெஜிஸ்டர்ல என் கையெழுத்துதானே இருக்குது?” என்றார் என்னிடம். நகரவில்லை. பரீட்சை போயிற்று. அந்தப் பட்டம் மட்டும் கையில் வந்தால் அவரை ஸ்டோர்ஸ் பிரிவில் சூப்பர்வைசராகப் போடுவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். உலையை விட்டு நிழலுக்கு வந்திருப்பார்.

அதே வருடம் அவருடைய தங்கை பன்னிரண்டாவது முடித்தாள். நல்ல மார்க். இன்ஜினியரிங் இடமும் கிடைக்கும் போலிருந்தது. அப்போதுதான் முதல் பட்டதாரி சான்றிதழுக்காக என்னிடம் வந்தார். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தில் அரசு கொடுக்கும் சலுகை அது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாராவது ஏற்கெனவே பட்டதாரியாக இருந்தால் கிடைக்காது. அந்தச் சலுகை இல்லாமல் தங்கையைப் படிக்கவைக்க அவரால் முடியாது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

அன்றைக்குக் கடையில் கூட்டம் நெரிந்தது. ரிசல்ட் வந்த வாரம். முதலாளி வேறு பின்னால் நின்றுகொண்டு “சீக்கிரம், சீக்கிரம்” என்று உயிரை எடுத்தார். இவர் தன் முறை வரும்வரை வட்டத்தில் நின்று, வந்து, காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“மேடம், எனக்கு ஒரு பேப்பர் பாக்கி இருக்குது. நான் பட்டதாரியா?”

“பாஸ் பண்ணலன்னா எப்டிண்ணா பட்டதாரி? இல்ல.”

“டிசம்பர்ல எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்னா?”

“அப்போ பட்டதாரிதான்.”

“அப்போ தங்கச்சிக்கு வர்றது?”

“போயிடும்” என்றேன் கீபோர்டைத் தட்டிக்கொண்டே.

“வருஷா வருஷம் பாப்பாங்களா?”

“பாப்பாங்க. வருஷா வருஷம் ரென்யூவல் உண்டு.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்கு அது அன்றைக்குச் சொன்ன இருநூறு பதில்களில் ஒன்று. இன்னொரு ஸ்காலர்ஷிப் இருக்கிறது, அதைத்தான் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதையும் இதையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அந்த மேசையில் உட்கார்ந்த நாள் முதலே எனக்குப் போய்விட்டது.

தங்கைக்குச் சான்று கிடைத்தது, இடமும் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர்ந்தாள். அவளுக்கு அந்த இன்னொரு ஸ்காலர்ஷிப்பும் உண்டு என்பதால் வருடத்துக்கு ஒருமுறை வருமானச் சான்று, கல்லூரிச் சான்று, மார்க் ஷீட், பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார். நான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்வேன். வேறு யாராவது என்றால் பத்து நிமிட வேலை. இவரோடு ஒரு மணி நேரம்.

வருமானச் சான்றுக்கு எழுதும்போது, “எங்கம்மா ஆடி மாசம் பெரியபாளையம் கோயில்ல வேப்பிலை விக்குது மேடம். அதயும் எழுதணும்” என்றார்.

“வேப்பிலையா? அத்த எவன் கேக்கறான்?”

“வருமானம்னு கேட்டிருக்குது இல்ல?”

“அண்ணா, வேப்பிலைய நான் எந்தக் கட்டத்துல போடறது? சும்மா இருங்கண்ணா.”

விடவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடமே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த அதிகாரி விழுந்து விழுந்து சிரித்து, “போய்யா, அம்மனுக்குப் போடற இலைக்கெல்லாம் நான் கணக்கு எழுதினா சாமி என் கண்ணக் குத்திடும்” என்றாராம். அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி. கேட்டாயிற்று, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், இனி தன் மேல் தப்பில்லை. நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, கும்மிடிப்பூண்டி வந்த பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை.

தங்கை ஒரு தடவை கடைக்கே வந்தாள். அவளுடைய கைரேகை வேண்டியிருந்தது. ஒல்லியாக, கடகடவென்று பேசும் பெண். அண்ணனை வைத்துக்கொண்டே என்னிடம், “எங்கண்ணன் இன்னும் அந்த ஒரு பேப்பர்ல தொங்கிகினு இருக்குது மேடம். மூணு தடவ ஃபெயிலு. ரூல் மட்டும் நல்லா பேசும். நீங்களாவது கொஞ்சம் சொல்லிக்குடுங்க” என்றாள். அவர் காதைச் சொறிந்துகொண்டு சிரித்தார். ஏன் ஃபெயில் என்று எனக்குத் தெரியும். அவள் போனதும், “சொல்லிட வேண்டியதுதானேண்ணா?” என்றேன்.

“சொன்னா படிக்காது மேடம். அழுதுகினு இருக்கும்.”

டிசம்பருக்கு ஒருமுறை, மே மாதத்துக்கு ஒருமுறை, அந்தப் பரீட்சைக்குக் கட்டணம் கட்ட வருவார். கட்டுவார், லீவு போடுவார், ரயிலேறிச் சென்னைக்குப் போவார், எழுதுவார், ஃபெயில் ஆவார். எழுதாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். தொடர்ந்து வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள் என்று கையேட்டில் போட்டிருக்கிறதாம். தங்கை முடித்த பிறகு பாஸ் செய்துகொள்ளலாம், அதுவரை பேர் உயிரோடு இருக்க வேண்டும்.

“உள்ள போயி இன்னா எழுதுவீங்க?”

“ரெண்டு கேள்விக்கு எழுதுவேன். அதுக்கு மேல எழுதினா பாஸாயிடும்.”

“மீதி நேரம்?”

“உக்காந்துகினு இருப்பேன். நல்லா ஃபேன் ஓடும். யாரும் கூப்ட மாட்டாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரிஞ்ச கேள்வியா வந்தாதான் பேஜாரு மேடம். கை சும்மா இருக்காது” என்றார்.

வேண்டுமென்றே தோற்பது தப்பில்லையா, அதற்கு உங்கள் ரூல் என்ன சொல்கிறது என்று சீண்டினேன். “பாஸ் ஆகணும்னு எங்கயும் ரூல் போடலியே” என்றார். இதையும் தேடிப் பார்த்திருக்கிறார், மனுஷன்!

தங்கையின் இரண்டாம் வருடத்தில் ஸ்டோர்ஸ் வேலை காலியானது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். இவரிடம் பட்டம் இல்லை. பொன்னேரியிலிருந்து வந்த, இவரைவிட ஐந்து வயது சின்னவனுக்கு அதைக் கொடுத்தார்கள். அந்த வாரம் வந்தபோது இவர் வலதுகையில் புதிதாகக் கட்டுப் போட்டிருந்தார். பொறி தெறித்து ஆழமாகப் பட்டுவிட்டது. இடது கையால் கையெழுத்துப் போட முயன்று, முந்தைய கையெழுத்தோடு ஒத்துப்போகாதே என்று நிறுத்தி, கட்டை அவிழ்த்துவிட்டு வலதுகையால் போட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யார் வந்தாலும் அவர் என்னைக் காட்டிச் சொல்வார்: “எதுன்னாலும் இந்த மேடத்தக் கேளுங்க. கரெக்டா சொல்லுவாங்க.” அவர் சொல்லி, லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். பெரியபாளையம் பக்கத்து ஆரணியிலிருந்துகூட வந்தார்கள். முதலாளியே கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு, இந்த ஊரில் என்னை ஒரு ஆளாக மதிக்க ஒருத்தர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். வெட்கத்தைவிட்டுச் சொல்வதென்றால், அந்த ஒரு நினைப்பில்தான் நான் ஊருக்குத் திரும்பாமல் இருந்தேன்.

மூன்றாம் வருடம், மழை பிடித்துக்கொண்ட ஒருநாள், ஆரணியிலிருந்து ஒரு அப்பா வந்தார். மகனுக்கு முதல் பட்டதாரி சலுகை. மகள் இந்த வருடம் தபால் வழியில் பட்டம் வாங்கிவிட்டாள், மகனுடைய சலுகை போய்விடுமா என்று கேட்டார். போய்விடும் என்று வாய் வரை வந்துவிட்டது. என்னவோ ஒரு சந்தேகம் தட்டியது. கல்லூரிக்கே போன் போட்டுக் கொடுங்கள் என்றேன். ஆபீஸில் ஒரு அம்மா எடுத்து, “அதெல்லாம் சேரும்போது பாக்கறதும்மா. ஒரு தடவ குடுத்துட்டா படிப்பு முடியற வரைக்கும் இருக்கும். நடுவுல யார் பாஸ் பண்ணாலும் இத ஒண்ணும் பண்ணாது” என்றார். இணையத்தில் விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். அந்த அம்மா சொன்னது சரிதான்.

அந்த அப்பா சந்தோஷமாகப் போய்விட்டார். நான் எழுந்து பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும், அவர் வந்ததும் முதல் வார்த்தை இதுதான் என்று தீர்மானித்தேன். நேரமும் இருந்தது. டிசம்பர் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்.

மூன்று நாள் கழித்து அவரே வந்தார், பரீட்சைக் கட்டணம் கட்ட. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். முதலாளியும் இருந்தார்.

“இதான் கடைசி மேடம்” என்றார். “இத்தன வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு கெடு வச்சிருக்காங்க. இந்த டிசம்பர்ல பாஸ் பண்ணலன்னா பேர எடுத்துடுவாங்க, பட்டம் அவ்ளோதான். நானும் எல்லா விதத்துலயும் பாத்துட்டேன், ஒரு வருஷம்தான் இடிக்குது.”

நான் மௌஸை நகர்த்திக் கட்டணப் பக்கத்தைத் திறந்தேன்.

“தங்கச்சிக்கு இன்னும் ஒரு வருஷம் ரென்யூவல் இருக்குது இல்ல மேடம்?”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லண்ணா, நான் தப்பாச் சொல்லிட்டேன், நீங்க நல்லா எழுதி பாஸ் பண்ணுங்க. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொன்னால் போன ஸ்டோர்ஸ் வேலை யாரால் போனது, அந்தக் கைக்கட்டு யாரால் வந்தது என்று எல்லாம் அவர் கண் முன்னால் வந்து நிற்கும். அதற்குப் பிறகு எந்த வாயால் மேடம் என்று கூப்பிடுவார்? எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கரெக்டாகச் சொல்லும் மேடத்தின் முகத்தை.

தலையை ஆட்டினேன்.

“அதான்” என்றார் அவர். கட்டணத்தைக் கட்டிவிட்டு, ரசீதை மடித்து உறையில் வைத்துக்கொண்டு போனார்.

நாளைக்குச் சொல்லலாம், லைன் வீட்டுக்கே போய்ச் சொல்லலாம் என்று ஒரு மாதமும் நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர் தெரு முனை வரைக்கும் போனேன். அறை வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒற்றை டிபன் பாக்ஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். டிசம்பர் வந்தது. அவர் சென்னைக்குப் போனார், இரண்டு கேள்விக்கு எழுதினார், வந்தார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் போல நான் அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. கடைசி ரென்யூவலுக்கு வந்தார், வட்டத்தில் நின்றார், அதே உறை, அதே வேப்பிலைக் கேள்வி.

தங்கை தேறிவிட்டாள். வேலையும் கிடைத்தது. அன்று மத்தியானம் இனிப்புப் பெட்டியோடு வந்தார். புதுச் சட்டை. ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ரெண்டு பெண்களிடம், கேட்காமலே, “இந்த மேடம் மட்டும் சொல்லலன்னா நான் பாட்டுக்கு பாஸ் பண்ணியிருப்பேன். என் தங்கச்சி படிப்பு பாதில நின்னிருக்கும். இன்னைக்கு எங்க ஊட்ல ஒரு இன்ஜினியர் இருக்குதுன்னா இவங்கதான்” என்றார். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தேன். கடையில் அவரும் நானும்தான். உட்காருங்கண்ணா என்றேன். எப்போதும் உட்காராதவர், அன்றைக்கு உட்கார்ந்தார். சொல்லிவிட்டேன். ஒரு தடவை கொடுத்தால் கொடுத்ததுதான், வருடா வருடம் பார்ப்பதில்லை, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பாஸ் செய்திருக்கலாம், நான் சொன்னது தப்பு. விதிமுறையைக் கம்ப்யூட்டரில் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

விரலைத் திரையில் வைத்து வரிவரியாகப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். தெருவில் ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன் கவரப்பேட்டை, கவரப்பேட்டை என்று கூவிக்கொண்டிருந்தான்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?” என்று கேட்டார். கோபம் ஒரு பொட்டுகூட இல்லை. ரூல் இன்னா என்று கேட்பாரே, அதே குரல்தான்.

“இன்னைக்குத்தாண்ணா” என்றேன். “காலையிலதான் பாத்தேன்.”

அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த புள்ளிகளைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் எழுந்தார்.

“ஐய, இன்னாத்துக்கு மேடம் இப்ப அழுவுறீங்க? தெரியாம சொன்னதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஓடிவந்து சொல்லியிருப்பீங்க. உங்களப்பத்தி எனக்குத் தெரியாதா?”

பெட்டியைத் திறந்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார். தங்கச்சி பாஸாயிடுச்சு இல்ல, சாப்டுங்க என்றார். நான் முழுசாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை, எனக்குப் புரையேறிவிடப்போகிறதே என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றார்.